₹6,850 போச்சு: ஆன்லைன்ல பால் ஜாயிண்ட் பிரஸ் செட் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு வாங்குங்க

கையில கிரீஸோட டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க. ஆறாயிரத்து எண்ணூத்தி ஐம்பது ரூபாயை ஒரு வார்ப்பு இரும்புத் துண்டுக்குக் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன். எந்த டூல் வாங்கணும், எது வேண்டாம்னு கடைசியில சுருக்கமா எழுதறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் மூட்டை ஏத்தற பிக்கப் நம்மளோடது. மலை வண்டிக்கு பிராபல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சுத்தலைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போற தண்டு) கிராஸ், அதாவது அந்தத் தண்டோட மூட்டுல இருக்கற சிலுவை மாதிரித் துண்டு, சீக்கிரம் போறது ஒண்ணும் புதுசில்ல. ஏறும்போது இழுக்குது, இறங்கும்போது லோடோட ரெண்டாவது கியர்ல எஞ்சின்தான் வண்டியைப் பிடிச்சு நிறுத்துது. ரெண்டு பக்கமும் அடி வாங்கறது அந்தக் கிராஸ்தான். கிளட்ச் விடும்போது அடியில 'டக்'னு ஒரு சத்தம். கூடவே முன்னாடி இடது பக்கம் கீழ் பால் ஜாயிண்ட்டும் (முன் சக்கரத்தை சஸ்பென்ஷன் ஆர்மோட சேர்க்கற பந்து மூட்டு) ஆட ஆரம்பிச்சிருச்சு. டவுன் மெக்கானிக்கிட்ட விட்டா, அவர் ஷாஃப்டைக் கழட்டி கீழே பிரஸ் மெஷின் இருக்கற லேத்துக்கு அனுப்பி வாங்கற வரைக்கும் வண்டி சும்மா நிக்கும். லோடு வேற வண்டிக்குப் போயிடும். அதனால வீட்டு வாசல்லயே நாமளே மாத்திடலாம்னு முடிவு. சுத்தியல் போட்டு யோக்கை (கிராஸைப் பிடிச்சிருக்கற கவட்டை) வளைக்கறதை விட சி-ஃபிரேம் பிரஸ் செட் ('C' வடிவ ஃபிரேம்ல ஸ்க்ரூவைத் திருகி அழுத்தற டூல்) ஒண்ணு வாங்கினா கிராஸ், பால் ஜாயிண்ட் ரெண்டு வேலையும் ஆகும்.

வாங்கின இடம், கேரேஜ் சாமான் மட்டும் விக்கற ஒரு ஆன்லைன் கடை. பேரை எழுதலை. 21 பீஸ் செட், நீலப் பெட்டி, படத்துல ஃபிரேம் மேலேயே 'ஃபோர்ஜ்டு ஸ்டீல்'னு (அடிச்சு உருவாக்கின எஃகு) எழுத்து. அதைப் பார்த்து மட்டும் நான் பணம் கட்டலை. கீழே வாட்ஸ்அப் நம்பர் இருந்தது, கூப்பிட்டேன். எடுத்தவன் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ். "என்ன வண்டிங்ண்ணா? எந்த வருஷம்? எந்த ஊருங்க? கோத்தகிரியா? அப்ப கேரட் லோடுதான் ஏத்துவீங்க, கிராஸ் கண்டிப்பா போயிருக்கும்." நான் சொல்லறதுக்கு முன்னாடியே சொன்னான். அதோட நிக்கலை. "கப்பை உள்ளே தள்ளும்போது ஊசி ரோலர் ஒண்ணு அடியில படுத்துக்கும், அப்புறம் சர்க்ளிப் உக்காராது, பார்த்துப் பண்ணுங்க"ன்னு வேற சொன்னான். கப்புங்கறது கிராஸ் முனையில மாட்டற பேரிங் மூடி, சர்க்ளிப் அதை வெளியே வராமப் பூட்டற வளையம். கிராஸ் போட்டவனுக்குத்தான் இந்த விஷயமெல்லாம் தெரியும். ஒருத்தன் வேலை தெரிஞ்சு பேசினா நம்ம ஆளுங்க மனசு இளகிடும். "இந்த செட்டு லாரிக்கே தாங்கும், உங்க பிக்கப் எம்மாத்திரங்ண்ணா? ஒரு வருஷ வாரண்டி, ஏதாச்சும்னா எனக்கே போன் அடிங்க." அடிச்சேன் ஜிபே. ₹6,850. கேஷ் ஆன் டெலிவரி கிடையாதாம், முன்பணம்னா இருநூறு தள்ளுபடியாம்.

பார்சல் வந்தது. பெட்டி கனமா, எண்ணெய் மினுமினுப்போட நல்லாத்தான் இருந்தது. கிராஸ் வேலை ஒரு வழியா முடிஞ்சது, அப்பவே ஸ்க்ரூ மரை கரகரன்னு முனகினதைச் சொல்லணும். அடுத்த நாள் பால் ஜாயிண்ட். மழையிலயும் மஞ்சுலயும் ஓடின ஆர்ம், துரு பிடிச்சு இறுகிக் கிடக்குது. டீசல் ஊத்தி ஊற வெச்சு, ஃபிரேமை மாட்டி, ராட்சட்ல கையாலதான் திருகினேன். இம்பாக்ட் கன் (வேகமா அடிச்சுத் திருகற மெஷின்) கிடையாது, நெம்ப பைப் கூட மாட்டலை. 'டப்'. சி-ஃபிரேமோட முழங்கை ரெண்டா போய், ஒரு துண்டு மட்கார்டுல அடிச்சு டார்ச் பிடிச்சிட்டிருந்த மச்சினன் காது ஓரமா பறந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தா நான் இப்ப பதிவு போட்டுட்டு இருக்க மாட்டேன், ஊட்டி ஜி.ஹெச். வாசல்ல நின்னுட்டு இருப்பேன்.

மச்சினன் கோயமுத்தூர்ல ஃபவுண்ட்ரியில வேலை பார்த்தவன். உடைஞ்ச துண்டைப் பொறுக்கி டார்ச்ல காமிச்சான். முறிஞ்ச முகம் சாம்பல் நிறத்துல நாட்டுச் சர்க்கரை மாதிரி மணி மணியா இருக்குது, நடுவுல ஒரு காத்துக் குழி, அதுக்குள்ள கறுப்புப் புகை படிஞ்ச மாதிரி. "மாமா, இது சி.ஐ. (காஸ்ட் அயர்ன்), வார்ப்பு. அடிச்ச இரும்புன்னா முதல்ல வளையும், இப்படி முறியாது." கிரைண்டர்ல வெச்சும் காமிச்சான். பொறி செவப்பா, குட்டையா, கல்லு பக்கத்துலயே செத்துப் போச்சு. நம்ம பழைய வீல் ஸ்பேனரை வெச்சா வெளுப்பா நீளமாப் பறக்குது. 'ஃபோர்ஜ்டு'ங்கற எழுத்தும் வார்ப்புலயே வந்தது! அச்சுல எழுத்தை வெட்டி ஊத்தினா எதை வேணா எழுதலாமே.

இனிமேதான் கூத்து. அதே நம்பருக்குப் போட்டோ அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் அடிச்சா கட் பண்றான். வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டா எடுத்து, "நான் சேல்ஸ் மட்டுங்க, சர்வீஸுக்கு மெயில் போடுங்க"ன்னான். 'ண்ணா' காணாமப் போச்சு. மெயில் போட்டா, இம்பாக்ட் கன் யூஸ் பண்ணீங்களா சார்? இல்லைன்னேன். அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா சார்? பெட்டியைப் பிரிக்கும்போது நல்லாத்தான்யா இருந்தது, உடைஞ்சது வேலையில, அதுக்கு எதுக்கு அந்த வீடியோ? அப்புறம் ரிட்டர்ன் காலம் முடிஞ்சதுன்னாங்க. வாரண்டியை எடுத்து முன்னாடி வெச்சேன். சரி, ரிட்டர்ன் எடுத்துக்கறோம், ஆனா உங்க பின்கோடுக்கு ரிவர்ஸ் பிக்கப் இல்லையாம்! கொண்டு வந்து கொடுக்க மட்டும் மலை ஏற முடியுது, திருப்பி எடுக்க முடியலையா? நீங்களே கூரியர்ல டெல்லி குடோனுக்கு அனுப்புங்கன்னாங்க. அத்தனை கிலோ இரும்புக்குக் கூரியர் சார்ஜ் கேட்டுப் பார்த்தேன், சிரிச்சிட்டேன். கடைசியா வந்தது ஒரு மெயில்: சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த ஆர்டருக்கு பத்து சதவீதக் கூப்பன். ₹6,850 போனவனுக்குக் கூப்பனாம். அதை வெச்சு இன்னொரு வார்ப்பு வாங்கவா?

இன்னைக்கு ஆர்மைக் கழட்டி மேட்டுப்பாளையம் போற வண்டியில போட்டு லேத்துக்கு அனுப்பியாச்சு. ஹைட்ராலிக் பிரஸ்ல நிமிஷ வேலை. அங்க வாங்கற கொஞ்சூண்டு கூலியைச் சொன்னா எனக்கே எரியும்.

டூல் பத்தி விவரமா எழுத இப்ப பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். முதல்ல உங்க வண்டியில பால் ஜாயிண்ட் அழுத்தி உக்கார வெச்ச பிரஸ் டைப்பா, போல்ட் போட்ட டைப்பான்னு பாருங்க. போல்ட்டுன்னா பால் ஜாயிண்ட்டுக்கு இந்த செட்டே தேவையில்லை. பிரஸ்ஸுன்னா கடையில நேர்ல எடுத்து, ஓரத்துல ஒரு கீறு கிரைண்டர் போட விடுவானான்னு கேளுங்க. விடாதவன்கிட்ட வாங்காதீங்க. முள்கரண்டி மாதிரி பிளக்கற செபரேட்டர் ரப்பர் பூட்டைக் கிழிச்சிடும், பழைய ஜாயிண்ட்டைத் தூக்கிப் போடறதா இருந்தா மட்டும் அது. பால் ஜாயிண்ட் நட்டை முழுசா கழட்டாம நாலு மரை விட்டுட்டு அடிங்க, கீழ் ஆர்முக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்துட்டு. ஷாஃப்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பெயிண்ட்ல அடையாளம் வைக்கணும். கண்ணாடி போடுங்க, பிரஸ் நேர்ல யாரையும் நிக்க விடாதீங்க.

பணம் போனவங்க 1915-க்கு அடிங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். 2020 இ-காமர்ஸ் விதிப்படி கடையோட குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். எனக்கு 48 மணி நேரம் எப்பவோ தாண்டியாச்சு. அடுத்தது ஊட்டி நுகர்வோர் கமிஷன், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. உடைஞ்ச துண்டை, பில்லை, வாட்ஸ்அப் பேச்சை எதையும் தூக்கிப் போடாதீங்க. லேத்துல இருந்து போன் வருது, மீதியை அப்புறம் எழுதறேன்.