கோமாளி மீனா, மாண்டரின் மீனா?

சென்னையில் அத்தான் வீட்டுத் தொட்டியில் மாண்டரின் மீனைப் பார்த்துவிட்டு வந்தபின் ஒரு வாரம் அதே நினைப்புதான். நீலத்தில் ஆரஞ்சு வளைகோடுகள், ஆத்தங்குடிக் கல்லில் பூ வேலை போட்டதுபோல. பெரும்பாலான மீன்களில் நீலம் ஒளிச் சிதறலால் தெரிவது. இதற்கோ தோலிலேயே நீல நிறமி. செதில் கிடையாது, நாற்றமடிக்கும் வழவழப்புதான் கவசம். அழகு என்று பார்த்தால் மாண்டரின்தான், பேச்சே இல்லை.

ஆனாலும் எங்கள் காரைக்குடி வீட்டு இரண்டாங்கட்டில் இன்று நீந்துவது ஒரு ஜோடி கோமாளி மீன்.

இரண்டும் கடல் மீன், அதனால் உப்பு, வெயில் பிரச்சினைகள் இரண்டுக்கும் ஒன்றுதான். சித்திரையில் தொட்டித் தண்ணீர் கடகடவென்று வற்றும். நீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்றி நிரப்ப வேண்டும். "கடலே இல்லாத ஊர்ல கடல் மீனு எதுக்குப்பா?" என்று ஆச்சி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வயிறு. மாண்டரினுக்கு வாய் மிகச் சின்னது. துரத்தித் தின்னாது. பாறையில் ஒட்டியிருக்கும் கோப்பிபாட் என்ற பொடி உயிர்களைப் பகல் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். கடைத் தீனியைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. நாள்பட்ட, பாறை நிறைந்த தொட்டியில்தான் அந்தப் பொடி உயிர்கள் தொடர்ந்து பெருகும். புதுத் தொட்டியில் மீன் பட்டினிதான். அத்தான் வீட்டு மீனுக்கு நிறம் மங்கவே இல்லை, வயிறு மட்டும் ஒட்டிப்போனது. நான்காம் மாதம் போய்விட்டது. தொட்டியிலேயே பிறந்த மாண்டரின் கடைத் தீனி எடுக்கும் என்கிறார்கள். நான் வளர்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கோமாளி மீன் வந்த மறுநாளே குருணைத் தீனியைப் பாய்ந்து தின்றது. கடலில் அது குடியிருக்கும் கடல் சாமந்தி இல்லாமலும் வாழும். என்னுடையவை ஒரு மண்சட்டியைப் பிடித்துக்கொண்டன. பெரியது பெண். அது முறைத்தால் சின்னது உடம்பை நடுக்கிக்காட்டிப் பணியும். எல்லாமே முதலில் ஆண்தான், கூட்டத்தில் மூத்தது பெண்ணாகும். அது செத்தால் அதன் துணை ஆண் பெண்ணாக மாறிவிடும், திரும்ப ஆணாகாது.

முட்டை விஷயத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மாண்டரின் ஜோடி அந்தி நேரத்தில் ஒட்டி ஒட்டி மேலெழும்பி, முட்டையை நீரில் விட்டுவிட்டு அதனதன் வழியில் போகும். இங்கே அப்பன் காவல். சட்டி ஓரத்தில் ஆரஞ்சு மணிகளாக ஒட்டிய முட்டைக்குத் துடுப்பால் விசிறுவான், கெட்டதை வாயால் பொறுக்குவான். ஒரு வாரத்தில் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரியும். விளக்கணைத்த பிறகு பொரியும்.

குஞ்சு ஒன்றுகூட எனக்குப் பிழைத்ததில்லை. அதற்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்த் தீனி வேண்டும். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் கோமாளிக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த முட்டைக்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்க் கேட்டுவர வேண்டும்.