இராமேஸ்வரத்துச் சங்குக் கடையும் ஹலோடாக் செயலியும்

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் நின்றுபோன ரயில் போக்குவரத்து, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டதும் மீண்டும் தொடங்கியதால், மண்டபம் என்னும் ஊரோடு நின்ற வண்டிகளில் வந்திறங்கிய வடநாட்டுப் பக்தர்கள் இப்போது நேராக இராமேஸ்வரம் நிலையத்திற்கே வந்துவிடுகிறார்கள். சங்கும் சிப்பி மாலையும் விற்கும் எங்களுக்கு விலை சொல்லும் அளவுக்கு இந்தி ஏற்கெனவே உண்டு; வாடிக்கையாளர் இரண்டாவது கேள்வி கேட்டால்தான் வாயடைத்துப் போகிறது. அந்தக் குறையைப் போக்க, ஹலோடாக் என்னும் மொழிப் பரிமாற்றச் செயலியைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

இது பாடம் நடத்துவதைவிட ஆள் சேர்த்துவிடும் வேலையையே முதன்மையாகச் செய்கிறது. தமிழ் கற்க விரும்பும் இந்திக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, எழுத்திலும் குரல் பதிவிலும் பேசி, ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்ள வேண்டும். இதில் ஆகச் சிறந்தது திருத்தும் வசதி. 'யே மாலா தோ சௌ கா ஹை' (இந்த மாலை இருநூறு ரூபாய்) என்று நான் எழுதியதைப் போபால் நண்பர் அழுத்திப் பிடித்து, 'கா' இருந்த இடத்தில் 'கீ' என்று மாற்றினார். என் வாக்கியமும் அவர் திருத்தமும் மேலும் கீழுமாகத் தெரிந்தன. உயிரற்ற பொருளுக்கும் பால் பார்க்கும் அந்த மொழியில் மாலை பெண்பால், சங்கு ஆண்பால் என்பதைச் சன்னதித் தெருவில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். புரிந்தால் போதுமென்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பதிலுக்கு நாமும் உழைக்க வேண்டும். 'தண்ணீர் வேண்டுகிறது' என்று அவர் எழுதியதை 'வேண்டும்' எனத் திருத்துவது எளிது; ஏன் என்று கேட்டால், தாய்மொழி என்பதற்காக விளக்கம் தானாக வந்துவிடாது. இதற்காகவே பழைய இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

இத்தகைய தளங்களில் ஆங்கிலத்திற்குக் கிடைக்கும் அளவு தமிழுக்குத் துணை கிடைப்பதில்லை. பெயர் குறிப்பிட விரும்பாத வேறொரு செயலியில், சந்தா கட்டியும் 'நமஸ்தே'யைத் தாண்டிப் பேச ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவரை விடாமல் பிடித்துக்கொள்வதும், பேரம் பேசும் வேகத்திற்குக் காது பழக எழுத்தைவிடக் குரல் பதிவையே அதிகம் நாடுவதும் நல்லது.

இலவசக் கணக்கில் ஒரு மொழிதான் கற்கலாம். இந்தியோடு தெலுங்கும் வேண்டுவோர் சந்தா கட்ட வேண்டும். என் கடைக்கு இந்தி போதும். ஆந்திரக் கூட்டத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான்.