காது நோயாளர் கேள்வித்தாள்: கையில் கொடுப்பதா, வாயால் கேட்பதா?

காது வருத்தத்தோடு கிளினிக் வருகிறவர்களுக்குக் கேள்வித்தாள் தயாரிக்க உட்கார்ந்தால், பேச்செல்லாம் கேள்விகளைப் பற்றியே போகும். சீழ் வடிகிறதா, வலிக்கிறதா, அடைக்கிறதா, இரைச்சல் கேட்கிறதா, தலை சுற்றுகிறதா, கேட்பது குறைந்திருக்கிறதா என்ற பட்டியலை ஒரே நாளில் போட்டுவிடலாம். தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வதா, ஒருவர் முன்னால் இருந்து வாசித்துக் கேட்டு எழுதுவதா என்பதில்தான் நாள் போகிறது. இலங்கையின் நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டப் பகுதியில் எங்கள் குழு இரண்டையும் செய்து பார்த்து, கேட்டு எழுதுவது என்று முடிவெடுத்தது. எனக்கும் அதுவே சரி.

தாளைக் கொடுப்பதில் உள்ள வசதி தெரிந்ததுதான். காத்திருக்கும் நேரத்திலேயே வேலை முடிகிறது, ஆள் பலம் தேவையில்லை, பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குப் பதில் கேட்காது. வாசிக்கச் சிரமப்படும் வயதானவர்கள் நம் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருப்பதும் தெரிந்ததே. எங்கள் முடிவுக்கு அதைவிடப் பெரிய காரணம், வெறுமையாக விடப்படும் கட்டங்கள்.

முதியோரின் கேட்கும் குறைபாட்டைக் கண்டறியப் பல நாடுகளில் பயன்படும் ஒரு சுருக்கக் கேள்வித்தாளில் 10 கேள்விகள் இருக்கின்றன. ஆம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0, மொத்தம் 40. கூட்டுத்தொகை 8 வரை இருந்தால் குறைபாடு பெரிதாகப் பாதிக்கவில்லை என்று கொள்வார்கள். 12 வரவேண்டிய ஓர் அம்மா, ‘ஆம்’ போட வேண்டிய இரண்டு கட்டங்களை விட்டுவிட்டால் கணக்கு 4 ஆகிவிடும். மேற்கொண்டு பரிசோதனைக்குப் போக வேண்டியவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். வெற்றுக் கட்டத்தை 0 என்று எடுப்பது அவ்வளவு ஆபத்தானது.

ஏன் விட்டார் என்பதும் தாளில் இருக்காது. வாசிக்க முடியவில்லையா, விளங்கவில்லையா, சொல்ல விருப்பமில்லையா, தன் வாழ்க்கைக்கு அது பொருந்தவே இல்லையா? அதே கேள்வித்தாளில், உறவினர்களோடு உணவகத்தில் இருக்கும்போது கேட்கச் சிரமமா என்று ஒரு கேள்வி வருகிறது. கொழுந்து பறிக்கிற ஒருவர் அதற்கு என்ன எழுதுவார்? காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதோ கொழுந்து நிறுக்கும் இடத்திலோ கேட்கிறதா என்றால் உடனே பதில் வரும். ஆனால் கேள்வியை மாற்றினால் பழைய 8 என்ற எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது; நம் மக்களிடையே மறுபடி சோதித்துத்தான் எல்லை போட வேண்டும். நேரில் கேட்கும்போது ‘பொருந்தாது’, ‘விளங்கவில்லை’ என்று தனித்தனியாகக் குறிக்கலாம். முன்னோட்டமாகச் செய்து பார்த்தபோது இந்தக் குறிப்புகள்தான் எந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும் என்று காட்டின.

மலைநாட்டுக்கே உரிய ஒன்றும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு பஸ்ஸில் இறங்கினால் நல்ல காதும் அடைக்கும். இறங்க இறங்க வெளியே காற்றழுத்தம் கூடும். நடுக்காதையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் குழாய் திறந்து அதைச் சமப்படுத்தும்வரை அந்த அடைப்பு இருக்கும். அதனால் ‘காது அடைக்கிறதா?’ என்று தாளில் மொட்டையாகக் கேட்டால் நோயில்லாதவரும் ‘ஆம்’ போடுவார். பஸ்ஸில் இறங்கும்போது மட்டுமா, வீட்டில் இருக்கும்போதுமா என்று அடுத்த கேள்வி கேட்டாக வேண்டும். ‘ஆம் என்றால் 7ஆம் கேள்விக்குப் போகவும்’ என்று தாளில் போடலாம்தான். கட்டங்கள் அதிகம் வெறுமையாகக் கிடந்ததே அந்த இடங்களில்தான்.

கேட்டு எழுதுவதிலும் குறை இருக்கிறது. ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போகும். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு வந்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. முகத்துக்கு நேரே கேட்டால் “பரவால்லைங்க, அவ்வளவா இல்லைங்க” என்று வருத்தத்தைக் குறைத்துச் சொல்லும் பழக்கமும் உண்டு. காதில் எண்ணெய் விட்டதையும் கோழி இறகால் குடைந்ததையும் டாக்டரிடம் லேசில் சொல்ல மாட்டார்கள். ஆகவே கேட்பவர் மருந்து எழுதுகிறவராகவோ தோட்ட நிர்வாகத்து ஆளாகவோ இருக்கக்கூடாது. கேள்வியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லவும் கூடாது, எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்க வேண்டும். கூட வந்த மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதைக் குறிக்க ஒரு கட்டம் வையுங்கள்.

காது மந்தமானவரிடம் வாயால் கேட்பது எப்படி? சத்தமில்லாத மூலையில், வாயசைவு தெரிகிற வெளிச்சத்தில், முகம் பார்த்து உட்கார்ந்து, பெரிய எழுத்து அட்டையையும் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அறவே கேட்காத, வாசிக்கத் தெரிந்தவருக்குத் தாள்தான் நல்லது. கைபேசிப் படிவத்தை ஒரு சில இளையவர்களிடம் மட்டுமே பார்த்தோம். அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் ஒரே ஆளிடம் இரண்டையும் கலக்காதீர்கள். சிகிச்சைக்கு முன் வாயால் கேட்டு, பின்னால் தாளில் நிரப்ப வைத்தால், மதிப்பெண் மாறியது காது தேறியதாலா, கேட்ட விதம் மாறியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.