பட்டப்பகலில் வால்நட்சத்திரம் காட்டிய என் 10×50 பைனாகுலர்

2005 கடைசியில் பறவை பார்ப்பதற்காக வாங்கிய பைனாகுலர் இது. 10×50 என்றால் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம். இன்னும் விற்க மனசு வராததற்குக் காரணம் 2007 ஜனவரி 14, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெக்நாட் வால்நட்சத்திரம் அன்றைக்குச் சூரியனுக்குக் கிழக்கே சுமார் 5, 6 டிகிரி தள்ளி, அதாவது நீட்டிய கையின் மூன்று விரல் அகலத்தில், வெள்ளிக் கிரகத்தையே தூக்கிச் சாப்பிடும் பிரகாசத்தில் இருந்தது. அதன் தூசி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வந்து வெளிச்சத்தை நம் பக்கமாகச் சிதறடித்ததால்தான் அவ்வளவு பிரகாசம்.

சிக்கல் என்னவென்றால், இதில் தெரியும் வட்டமே 6.5 டிகிரி. கை கொஞ்சம் ஆடி சூரியன் உள்ளே வந்தால் கண் போச்சு. அதனால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குள் நின்றுகொண்டேன். சாயங்காலம் என்றால் சூரியன் தொட்டிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே போகும். காலையில் இதைச் செய்யவே கூடாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்புக்கு மேல் ஏறி வந்துவிடும்.

அப்புறம் ஃபோகஸ். வெறும் நீலத்தில் கண்ணுக்குப் பிடிமானமே கிடைக்காது. முதல் நாள் சாயங்காலம் வெள்ளியைப் பார்த்து ஃபோகஸ் வைத்து, வளையத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தேன். அது நகர்ந்திருந்தது தெரியாமல் கால் மணி நேரம் வானத்தைத் துழாவினேன். கோட்டுக்குத் திருப்பியதும் சட்டென்று வந்து நின்றது: கெட்டியான வெள்ளைத் தலை, அதற்கு மேல் குட்டையாக ஒரு வால், சுண்ணாம்பு தொட்ட விரலால் இழுத்துவிட்ட மாதிரி. இடம் தெரிந்த பிறகு வெறுங்கண்ணுக்கும் புள்ளியாகத் தெரிந்தது!

பகலுக்கு 50 மி.மீ. லென்ஸ் வீண் என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலில் கண்பாவை 2, 3 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும், இதிலிருந்து வரும் ஒளிக்கற்றையோ 5 மி.மீ. எடை குறைந்த 8×30 இருந்தால் அதுவே போதும்.

20 வருஷத்தில் ஒரு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தது, ஒருமுறை கீழே விழுந்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் என் கவனக்குறைவுதான் காரணம், பழுதுபார்த்து ஓட்டுகிறேன். 2020 நியோவைஸ், 2024 அக்டோபரில் வந்த சுச்சின்ஷான்-அட்லஸ் ஆகிய வால்நட்சத்திரங்களும் அந்தி வெளிச்சத்தில் இதில் அருமையாகத் தெரிந்தன.

2025 ஜனவரியில் வந்த அட்லஸ் என்ற இன்னொரு வால்நட்சத்திரத்தைப் பகலில் பிடிக்க இரண்டு நாள் அதே தொட்டி நிழலில் நின்றேன், கிடைக்கவில்லை. பகலில் தெரிய வேண்டுமானால், கட்டைவிரலால் சூரியனை மறைத்துப் பார்க்கும்போது விரல் ஓரம் வரை வானம் நீலமாக இருக்க வேண்டும். எனக்குப் பால் கலந்த மாதிரி வெளுத்துத்தான் கிடந்தது. பேனாக் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. இப்போது நகப்பூச்சில் போட்டு வைத்திருக்கிறேன்.