எம்டனைக் கட்ட மூன்று வழி: பிளாஸ்டிக்கா, ரெசினா, அச்சடித்ததா?

"அவன் சரியான எம்டன்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கரையோரம் வந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் தமிழுக்குத் தந்துவிட்டுப் போன சொல் அது. சிங்கப்பூருக்கும் அந்தக் கப்பலோடு உறவு உண்டு. அதன் ஆட்கள் சிலர் தங்ளின் முகாமில் கைதிகளாக இருந்தபோதுதான், 1915 பிப்ரவரி 15 அன்று இங்கே சிப்பாய்க் கலகம் வெடித்தது.

"எம்டனோட சின்ன மாதிரிக் கப்பல் செய்யணும் அண்ணே, எந்த கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கட்டும்?" என்று வேலையிடத்துத் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். மூன்று விதமாகவும் செய்து பார்த்திருக்கிறேன் என்பதால் அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. உண்மைக் கப்பலின் நீளம் சுமார் 118 மீட்டர். 1/350 அளவில் அது 34 சென்டிமீட்டர், 1/700 அளவில் 17. அதாவது ஒரு சாண்கூட இல்லை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் புத்தக அலமாரியின் ஒரு தட்டுதான் உங்களுக்குக் கிடைத்த இடம் என்றால் இந்த வித்தியாசம் பெரியது. ரெவெல் நிறுவனத்தின் 1/350 எம்டன் பிளாஸ்டிக் கிட். 1/700-இல் தேடினால் பெரும்பாலும் சிறு பட்டறைகள் வார்க்கும் ரெசின், அதாவது ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின்தான் கண்ணில் படும். மூன்றாவது, கப்பலின் கணினிக் கோப்பை வாங்கி வீட்டிலேயே முப்பரிமாண அச்சில் எடுப்பது.

பிளாஸ்டிக்கின் பெரிய பலம், அது தவறை மன்னிக்கும். அதற்கான பசை பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டுவதால், புகைபோக்கி கோணலாக நின்றால் நகர்த்திச் சரிசெய்ய ஒரு நிமிடமாவது கிடைக்கும். பாகங்களும் பொருந்தி வரும். குறை என்னவென்றால், பிளாஸ்டிக் கிட்டுகளில் ஹல், அதாவது கப்பலின் உடற்பகுதி, பெரும்பாலும் இடம், வலம் என இரண்டு துண்டாக வரும். முன்முனையில் விழும் அந்த இணைப்புக் கோட்டை, இடைவெளி நிரப்பும் புட்டி வைத்து, தேய்த்து, மறுபடி புட்டி வைத்து மறைக்க வேண்டும். எஃகு அச்சில் வார்ப்பதால் பீரங்கிக் கவசம் போன்ற மெல்லிய பாகங்கள் கொஞ்சம் தடித்தே இருக்கும்.

ரெசினில் ஹல் ஒரே துண்டு. கையில் எடுத்தாலே கனம் தெரியும். சிலிக்கோன் அச்சு ரப்பர் போல வளைந்து கொடுப்பதால், எஃகு அச்சில் சிக்கிக்கொள்ளும் வடிவங்களைக்கூட அதிலிருந்து உரித்து எடுத்துவிடலாம். டெக் பலகைக் கோடுகளும் பக்கவாட்டு வட்டச் சன்னல்களும் அவ்வளவு கூர்மையாக வருவது அதனால்தான். ஆனால் அந்த அச்சு சில டஜன் வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும். கடைசியில் வார்த்தவை உங்களுக்கு வந்தால் காற்றுக் குமிழிகளையும் சேர்த்து வாங்கியிருப்பீர்கள்.

எனக்கு வந்த ஹல்லின் பின்முனை மேலே வளைந்திருந்தது. கண்ணாடித் தகட்டில் வைத்தபோது அடியில் ஒரு வெள்ளி நாணயத்தை நுழைக்க முடிந்தது. அகலமான தட்டில் சூடான தண்ணீர் ஊற்றி, ஹல்லை ஓரிரு நிமிடம் மூழ்க வைத்தேன். இளகியதும் தரை ஓடு ஒன்றின்மேல் வைத்து விரல்களால் அழுத்தி, அப்படியே குழாய்த் தண்ணீரில் காட்டினேன். மூன்றாவது தடவைதான் நேராக நின்றது. அப்புறம் அடிப்பக்க மிச்சத்தை அறுத்து, கண்ணாடிமேல் ஈரமான உப்புத்தாளைப் பரப்பி வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்தில் தேய்ப்பதும் முகக்கவசம் போடுவதும் கட்டாயம்.

பாகங்களை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாக உரிந்து வர வார்ப்பவர்கள் பூசும் வழவழப்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும், சாயம் பூசும்போது மறைக்க ஒட்டிய டேப்பை எடுக்கும்போது சாயம் தோலாக உரிந்து வரும். பிளாஸ்டிக் பசை ரெசினில் பிடிக்காது, சூப்பர் குளூதான். நம் ஊர் ஈரக் காற்றில் அது சட்டென்று இறுகும், நகர்த்த நேரமில்லை. சுற்றிலும் வெள்ளைப் பனி போலவும் படியும். கொஞ்சமாகத் தொட்டு வைத்து, மின்விசிறியை ஓட விட்டால் குறையும்.

வீட்டு அச்சு பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. எம்டனின் பத்துப் பீரங்கிகளையும் படகுகளையும் அதில் எடுத்துப் பார்த்தேன். விலைக்கு வந்த எதையும்விட அழகு. ஹல் அப்படி இல்லை. வளைவுகளில் அடுக்குக் கோடுகள் தெரியும், நீளப் பாகம் திருகிக்கொள்ளவும் செய்யும். அதைவிட முக்கியம், இந்த அச்சுக்கு ஊற்றுவது ஒளியில் இறுகும் திரவ ரெசின்; இறுகும் முன் அது தோலில் படக்கூடாது, வாடை மூடிய அறையில் தங்கக்கூடாது. அச்சடித்த பாகங்களைக் கழுவிய ஆல்கஹாலைக் கழிவுநீர்க் குழாயில் கொட்டவும் கூடாது. சிறு பிள்ளைகள் இருக்கும் மூவறை வீட்டில் இதை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செலவைப் பார்த்தால் ரெசின் கிட் சிறியதாக இருந்தும் விலை கூடுதல். மேலே அஞ்சல் கட்டணம். 400 வெள்ளிக்குள் இணையத்தில் வாங்கும் வெளிநாட்டுப் பொருளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு.

தம்பிக்கு நான் சொன்னது: முதல் கப்பல் என்றால் 1/350 பிளாஸ்டிக். கைப்பிடிக் கம்பி வேலியே அதற்குப் போதுமான காரணம். ஒரு மீட்டர் வேலி அதில் 3 மில்லிமீட்டர் உயரம் வரும், 1/700-இல் ஒன்றரைகூட இல்லை. இரண்டு மூன்று கப்பல் கட்டி முடித்தவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரெசின். என் அலமாரியில் நிற்பது ரெசின் ஹல், அதன்மேல் அச்சில் எடுத்த பீரங்கிகள். அந்த ஒற்றைத் துண்டு ஹல்லின் வடிவத்தைப் பார்த்தபின் பிளாஸ்டிக்குக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

எதை வாங்கினாலும் நிறத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். போருக்கு முன் எம்டன் வெள்ளை ஹல்லும் மஞ்சள் புகைபோக்கிகளுமாக இருந்தது, போருக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். மழை பெய்யும் மாலையில் லாக்கர் சாயம் அடிக்காதீர்கள், அது வெளுத்துப் பால் பூத்துவிடும்.

இன்னொன்று. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிதான். 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் ஜெம்சுக் போர்க்கப்பலை மூழ்கடித்தபோது அதற்கு நான்கு இருந்தன. பிரிட்டிஷ் கப்பல் என்று நம்ப வைக்கக் கித்தான் துணியில் நான்காவதைக் கட்டியிருந்தார்கள். அதை நான் கையாலேயே செய்தேன். பித்தளைக் கம்பியில் சட்டம் வளைத்து, நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்த டிஷ்யூ தாளைச் சுற்றினேன். காய்ந்ததும் துணி போலவே லேசாகச் சுருங்கி நின்றது. அந்தச் சுருக்கத்தைத் தேய்க்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.