1969 கமாரோவுக்கு அகல டயர்: 15 அங்குலமா, 17 அங்குலமா?

1969 ஷெவர்லே கமாரோ காருக்கு அகல டயர் தேடுவோர், 15 அங்குல ரிம்மில் 235/60 (அகலம் 235 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம்) போடுவதா, 17 அங்குல ரிம்மில் 245/45 போடுவதா என்று தயங்குகிறார்கள். வெளிவிட்டம் முறையே 663, 652 மி.மீ. என்பதால், வேகமானியின் கணக்கு அதிகம் பிசகாது.

செலவு: ஷெவர்லேயின் 'ரேலி' வகை ரிம், 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமுமாக ஏற்கெனவே இருந்தால், 15-க்கு டயர் மட்டும் போதும், 17-க்கு ரிம்மும் புதிதாக வாங்க வேண்டும்.

சொகுசு: 15-இன் 141 மி.மீ. பக்கச்சுவர் பள்ளங்களின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்; 17-இன் 110 மி.மீ. சுவர் அதை இருக்கை வரை கடத்தும்.

பிடிப்பு: வளைவுகளில் 15 சற்று நெளியும், 17 ஸ்டீயரிங்குக்கு உடனே பணியும், 13 அங்குல டிஸ்க் பிரேக்குக்கும் பெரும்பாலும் இடம் தரும்.

இரண்டிலும் உண்மையான சிக்கல், பின்சக்கரத்துக்கு உள்ளே பட்டை ஸ்பிரிங்குக்கும் வெளியே ஃபெண்டரின் (சக்கரத்தை மூடும் உடல் தகடு) மடிப்பு விளிம்புக்கும் நடுவே உள்ள இடம்தான். வண்டியை ஜாக்கியில் தூக்கி அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். முழு எடையும் சக்கரங்களில் இறங்கியிருக்கும்போது அளந்து, முன்சக்கரங்களை இருபுறமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்கேனும் உரசுகிறதா என்று பார்த்த பிறகே ரிம்மை வாங்க வேண்டும்.

பழைய தோற்றத்தைக் காத்து நிதானமாக ஓட்டுவோருக்கு 15 பொருந்தும். மலைப்பாதையிலோ பந்தயத் தடத்திலோ விரட்டுவோருக்கு 17-ஐயே பரிந்துரைப்பேன்.