ஸ்பிட்ஃபயருக்கு எந்த பெயின்ட்? எனாமல், டாமியா, வயேஹோ, லாக்கர்

பிளாஸ்டிக் மாடல் விமானம் கட்டுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கிட் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். பெயின்ட் பற்றிய சண்டைதான் முடியாது. ஒருவர் ஹம்ப்ரால் எனாமல் தவிர வேறு எதையும் தொடமாட்டார், இன்னொருவருக்கு அந்த வாசனையே ஆகாது. இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டு பேரும் வேறு வேறு வேலைக்கு பெயின்ட் வாங்குகிறார்கள். ஒரு பெயின்ட்டின் குணம் அதை அடிக்கும்போது பாதிதான் தெரியும். அடுத்த நிறம் படாமல் மறைக்க மேலே டேப் ஒட்டி உரிக்கும்போதும், வாஷ் என்ற நீர்த்த கரும்பெயின்ட்டை ஊற்றித் துடைக்கும்போதும்தான் மீதி தெரியவரும்.

பிரிட்டனின் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐ எடுத்துக்கொள்வோம், 1940 பிரிட்டன் வான் போர் காலத்து வண்ணத்தில். அசல் விமானத்தின் இறக்கை விரிவு 11.23 மீட்டர். 1/72 அளவில் 15.6 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட வராது. மேல்பக்கம் டார்க் எர்த் என்ற மண் நிறமும் டார்க் கிரீனும் வளைந்து வளைந்து போகும். அடிப்பக்கம் ஸ்கை என்ற வெளிர் பச்சை. முதலில் ஸ்கை அடிக்க வேண்டும், அப்புறம் டேப், அப்புறம் மண் நிறம், மறுபடி டேப், அப்புறம் பச்சை. அதற்கு மேல் நிறமில்லாத பளபளப்பான கிளியர், டெக்கல் என்ற ஒட்டுச் சின்னங்கள், பேனல் கோடுகளுக்குள் இறங்கும் கரும்பழுப்பு வாஷ், கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். இத்தனை அடுக்கையும் அடியில் இருக்கும் பெயின்ட் தாங்கியாக வேண்டும்.

ஹம்ப்ரால் எனாமல் இதில் மூத்தது. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் பிறந்த கம்பெனி. மாடல் கிட் தயாரிக்கும் ஏர்ஃபிக்ஸும் ஹம்ப்ராலும் இன்று ஹார்ன்பி என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், ஏர்ஃபிக்ஸ் கிட்டின் கையேட்டில் ஹம்ப்ரால் எண்கள்தான் இருக்கும்: 29 மண் நிறம், 30 பச்சை. சின்ன 14 மில்லி டின். மூடியைத் திறந்தவுடன் பிரஷ்ஷை முக்கினால் தொலைந்தோம். மேட் தன்மை கொடுக்கும் பொடி முழுக்க அடியில் களிபோல் படிந்திருக்கும். பல்குத்தும் குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டி, குச்சியில் கட்டி ஒட்டாத வரை கலக்க வேண்டும். பாதியில் விட்டால் மேட் டின்னிலிருந்து பளபளப்பாக வந்து நிற்கும்.

ஆனால் கையால் பிரஷ் பிடித்து அடிப்பதற்கு இதைப்போல் இணக்கமானது கிடையாது. மெதுவாக உலர்வதால் பிரஷ் கோடுகள் தாமாகவே சமன்பட்டுவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிற வகை என்பதால் நன்றாக உலர்ந்த பின் கெட்டியாக நிற்கும், டேப்பையும் தாங்கும். பிரச்சினை அந்த 'நன்றாக உலர்ந்த பின்' என்பதில்தான் இருக்கிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரம், தைரியமாக டேப் ஒட்ட ஒரு நாளாவது, மழைக்காலத்தில் அதற்கும் மேல். அதுவரை வீட்டுத் தூசு முழுக்க அதன் மேல் வந்து உட்காராமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவைக்க வேண்டும். இன்னொன்று, வாஷும் பெரும்பாலும் எனாமல்தான், அதைத் துடைப்பதும் டர்பன்டைன் வகைதான். இடையில் அக்ரிலிக் கிளியர் ஒரு கோட் அடிக்காமல் வாஷ் போட்டால், சரியாக இறுகாத அடி பெயின்ட்டும் சேர்ந்து பஞ்சில் வந்துவிடும்.

வயேஹோ ஸ்பெயின் நாட்டுக்காரர்களுடையது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக், வாசனை இல்லை, சொட்டு மருந்து போல் துளித்துளியாக விழும் புட்டி. குழந்தைகள் இருக்கும் ஃபிளாட்டில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அடிக்க இதுதான் வசதி. பிரஷ்ஷுக்கு மாடல் கலர், காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷுக்கு மாடல் ஏர் என்று இரண்டு வரிசை. விமானி பொம்மை, சீட் பெல்ட், இன்ஸ்ட்ருமென்ட் பேனல் இவற்றுக்கெல்லாம் மாடல் கலரை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி.

அதே கம்பெனியின் பெயின்ட்டை இறக்கை முழுக்க அடித்து, டேப் ஒட்டி உரித்துப் பாருங்கள். வயேஹோ பிளாஸ்டிக்கைக் கடிப்பதில்லை, அதன் மேல் தோல் மாதிரி படிகிறது. டேப்போடு ஒரு கீற்று கிளம்பி வரும், அடியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். சரி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டுப் போடலாம் என்றால், ஓரம் தேயாமல் ரப்பராக உருளும். அடியில் பிடிப்புக்கு நல்ல ப்ரைமர் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, டேப்பின் பசையை முதலில் கையில் ஒட்டிக் குறைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். கேமஃபிளாஜ் என்ற அந்த இரு நிற வளைவுகளுக்கு டேப் வேண்டாம், புளூ டேக் என்ற ஒட்டும் களியை மெல்லிய கயிறாக உருட்டி வைத்து அடிக்கிறேன் என்பவர்களுக்குத் தொல்லை இன்னும் குறைவு. இருந்தாலும் ஏப்ரல், மே வெயிலில் ஏர்பிரஷ் நுனியில் பெயின்ட் காய்ந்து நின்றுவிடும். ஒரு இறக்கை முடிப்பதற்குள் நாலு தடவை ஊசி நுனியைத் துடைக்க வேண்டியிருக்கும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்தால் கொஞ்சம் குறையும், தீராது.

டாமியா அக்ரிலிக் பெயருக்குத்தான் வயேஹோவின் ஜாதி. அது ஆல்கஹாலோடு நன்றாகச் சேரும். அவர்களுடைய எக்ஸ்-20ஏ தின்னர் (பெயின்ட்டை நீர்க்கவைக்கும் திரவம்) கிடைக்காதபோது, மொபைல் ரிப்பேர்க்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐபிஏ என்ற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்கூட ஓரளவு வேலை செய்யும். ஆனால் பிரஷ்ஷால் அடித்தால் அழுகை வரும். இரண்டாவது கோட் போடும்போது முதல் கோட் கரைந்து பிரஷ்ஷோடு எழும்பி வந்து, நடுவில் திட்டாகிவிடும். 'டாமியா மோசம்' என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பிரஷ்காரர்கள்.

ஏர்பிரஷ் இருந்தால் கதை தலைகீழ். இதே டாமியா அக்ரிலிக்கை அதன் சொந்தத் தின்னருக்குப் பதிலாக டாமியாவின் மஞ்சள் மூடி போட்ட, வீரியமான லாக்கர் தின்னரிலோ, மிஸ்டர் லெவலிங் தின்னரிலோ பால் பதத்துக்குக் கரைத்து, 0.3 மில்லிமீட்டர் நாசிலில் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்துப் பாருங்கள். மெல்லிசாக விழுகிறது, பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்கிறது, கொஞ்ச நேரத்தில் டேப் ஒட்டலாம். எக்ஸ்எஃப்-21 ஸ்கை, எக்ஸ்எஃப்-81 ஆர்ஏஎஃப் பச்சை என்று நம் ஸ்பிட்ஃபயருக்கு வேண்டிய புட்டிகளும் உண்டு. மேலே எனாமல் வாஷ் போட்டு டர்பன்டைனில் துடைத்தாலும் அசையாது. என் ஓட்டு இதற்குத்தான். ஒரே எச்சரிக்கை, லாக்கர் தின்னர் சேர்ந்தவுடன் 'வாசனை இல்லாத அக்ரிலிக்' என்ற சலுகை போய்விடும்.

மிஸ்டர் கலர் அசல் லாக்கர், அதாவது வேகமாக ஆவியாகும் வீரியமான கரைப்பானில் கரைந்த பெயின்ட். ஜப்பானின் ஜிஎஸ்ஐ கிரியோஸ் தயாரிப்பது. மேற்பரப்பின் தரத்தை மட்டும் பார்த்தால் நால்வரில் முதலிடம் இதற்குத்தான். பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்துப் பிடிக்கும், நிமிடங்களில் உலரும், உப்புத்தாளுக்கு மாவாகத் தேயும். இந்திய விமானப்படையின் மிக்-21 எஃப்எல்லை வெறும் உலோக நிறத்தில் செய்ய ஆசை இருந்தால் லாக்கர் பக்கம் வந்தே தீர வேண்டும். வழவழப்பான கறுப்பின் மேல் அடிக்கும் லாக்கர் வெள்ளி தருகிற உலோகத் தோற்றத்தை மற்ற மூன்றிலும் நான் பார்த்ததில்லை.

நம் ஊரில் இதற்கு இரண்டு வில்லன்கள். முதலாவது ஈரம். லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதில் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் அடித்தால், கறுப்பு அடித்த இடத்தில் விபூதி பூசியதுபோல் வெள்ளை படர்ந்து நிற்கும். லெவலிங் தின்னரில் ரிடார்டர் இருப்பதால் அதில் கரைத்தால் பெரும்பாலும் தப்பலாம். படிந்துவிட்டாலும் அதே தின்னரை மெல்லிசாக மேலே ஒரு தடவை ஊதினால் தெளியும். அந்த மாதங்களில் கம்ப்ரஸரில் ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்சர் ட்ராப்பின் கண்ணாடிக்குள் தண்ணீர் சேரும், அடிக்கு நடுவே நிறுத்தி வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கை நிறத்தின் நடுவில் ஒரு சொட்டு துப்பும்.

இரண்டாவது வில்லன் கூரியர். எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் விமானப் பார்சலில் சாதாரணமாக ஏற்ற மாட்டார்கள். விமானத்துக்கு அடிக்கும் பெயின்ட்டுக்கு விமானத்தில் இடமில்லை! தரை வழியாக வரும்வரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போடலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்ளவும். தின்னர் தீர்ந்துவிட்டதே என்று ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை எடுக்காதீர்கள். ஏர்பிரஷ் கழுவ அது போதும், மாடலின் மேல் பட்டால் பிளாஸ்டிக் மழுங்கிவிடும். கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கும் போதாது, ஆவியை உறிஞ்சும் கேட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். வாசனையே இல்லாத வயேஹோவை ஏர்பிரஷ்ஷில் அடித்தாலும் அந்தத் தூவானம் நுரையீரலுக்கு நல்லதல்ல.

ஒன்றின் மேல் ஒன்று அடிப்பதில் ஒரே ஒரு வரிசையை நினைவில் வைத்தால் போதும். லாக்கர் மேல் எதையும் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடி பெயின்ட் சுருங்கிக் கிழங்குத் தோல்போல் ஆகிவிடும், அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே ஏர்பிரஷ் இல்லாதவர் ஸ்பிட்ஃபயரை பிரஷ்ஷால் அடிப்பதென்றால் உடலுக்கு ஹம்ப்ரால், காக்பிட்டுக்கு வயேஹோ. ஏர்பிரஷ் இருந்தால் உடலுக்கு டாமியா, காக்பிட்டுக்கு அப்போதும் வயேஹோ. மொட்டை மாடியில் தனி அறையும் ரெஸ்பிரேட்டரும் இருப்பவர் நேராக மிஸ்டர் கலருக்குப் போகலாம். மஞ்சள் நிறத்துக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் விலக்கில்லை. ப்ரொப்பெல்லர் நுனிக்கு மஞ்சள் அடிக்குமுன் அடியில் வெள்ளை ஒரு கோட் கொடுத்துவிடுங்கள், கறுப்பின் மேல் நேராக அடித்தால் நாலு கோட் போட்டாலும் பச்சையாகத்தான் தெரியும்.